பழைய ராணுவ லாரிக்கு எந்த பேட்டரி போடுவது?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஏலத்தில் எடுத்த ஸ்டாலியன் லாரி. டி.என். 75 நம்பர் வாங்கி, எஸ்டேட்டிலிருந்து ரப்பர் தடி இறக்குகிறார். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம். மழை பிடித்தால் இரண்டு மூன்று வாரம் ஷெட்டிலேயே நிற்கும். ஏலத்தோடு வந்த பேட்டரி போய், புதிதாகப் போட்ட ஜோடியும் 14 மாதத்தில் படுத்துவிட்டது. கடைக்காரர், "200 போடுங்க, பிறகு பிரச்சினையே வராது" என்கிறாராம். மச்சான் வீட்டில் சும்மா கிடக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டையும் தருகிறேன் என்கிறாராம். டிரைவரோ, "ஒண்ணு நல்லாத்தானே இருக்கு, கெட்டதை மட்டும் மாத்துவோம்" என்கிறாராம். பெட்டியின் உள்ளளவும் அனுப்பியிருக்கிறார்: நீளம் 53 சென்டிமீட்டர், அகலம் 48, உயரம் 30.

மூன்றுமே வேண்டாம், தம்பி. உங்கள் ஓட்டத்துக்கு என்120, அதாவது 120 ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ள பேட்டரி, ஒரு ஜோடி போதும். ஒரே கம்பெனி, ஒரே மாதம் தயாரித்தது, தண்ணீர் ஊற்ற மூடி உள்ளது. ஆனால் அதை வாங்கக் கடைக்குப் போகுமுன் வண்டியோடு அரை நாள் செலவழிக்க வேண்டும். புது ஜோடி 14 மாதத்தில் போனால் குற்றம் பேட்டரியிடம் இருப்பது அபூர்வம். வண்டிக்குள் ஏதோ ஒன்று அதைத் தின்கிறது. அதைப் பிடிக்காமல் மூன்றாவது ஜோடியை வைத்தால் அதற்கும் அதே கதிதான்.

நான் ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் வண்டி எலக்ட்ரீஷியனாக இருந்தவன். ஊருக்கு வந்த பிறகும் மார்த்தாண்டம் பக்கம் அதே வேலைதான். சக்திமான் காலத்து ஆள். ஜெர்மனியின் மேன் கம்பெனி லைசென்ஸில் 1959 முதல் 1996 வரை ஜபல்பூரில் செய்த ராணுவ லாரி அது. அதன் இடத்துக்கு வந்ததுதான் உங்கள் ஸ்டாலியன். உங்கள் வண்டி எந்த வருடத்தது என்று ஏலத் தாளில் தெளிவில்லையென்றால், கதவிலோ பம்பரிலோ பெயின்ட்டுக்கு அடியில் பழைய ராணுவ நம்பர் மங்கலாகத் தெரிகிறதா என்று சாய்ந்த வெயிலில் பாருங்கள். மேல் நோக்கிய அம்புக்குறியும் அதை ஒட்டி இரண்டு இலக்கமும் இருக்கும். அந்த இரண்டு இலக்கம்தான் ராணுவம் வண்டியை வாங்கிய வருடம். ஒயரிங்கின் வயதும் அதுதான்.

முதலில் ஒரு கேள்வி. போன ஜோடியில் முதலில் செத்தது எது? எர்த் பக்கத்தில் இருந்ததா, எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குப் போகிற பக்கத்தில் இருந்ததா? "ஒண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று டிரைவர் சொன்னதைப் படித்ததுமே எனக்குக் குளச்சல் வண்டி ஒன்று ஞாபகம் வந்தது.

அதுவும் ஏலத்தில் வந்த பழைய ராணுவ வண்டிதான். குடிநீர் டேங்கராக மாற்றியிருந்தார்கள். ஒன்றரை வருடத்தில் மூன்று ஜோடி மாற்றியாகிவிட்டது. ஓனர் கம்பெனியைத் திட்டிக்கொண்டே வண்டியைக் கொண்டுவந்தார். எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து மீட்டர் வைத்தேன். 28.1 வோல்ட். அருமையான சார்ஜிங். பிறகு ஒவ்வொன்றாக வைத்தேன். மேல் பேட்டரியில், அதாவது செல்ஃப் பக்கத்தில் இருந்ததில், 15.0. கீழ் பேட்டரியில், அதாவது எர்த் பக்கத்தில் இருந்ததில், 13.1. மேல் பேட்டரியின் மூடியைத் திறந்தால் சோறு கொதிப்பது போலக் குமிழ், தண்ணீர் பிளேட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. கீழ் பேட்டரியில் தண்ணீர் நிறைய இருந்தும், ஆசிடின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரின் மிதவை எழும்பவே இல்லை. இரண்டு பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் லிங்க் கேபிளின் போல்ட்டில், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒல்லியான சிவப்பு ஒயர் ஒன்று மாட்டியிருந்தது. கையால் பிடித்துக்கொண்டே போனால் கேபினுக்குள் பாட்டுப்பெட்டி, அதோடு இரண்டு செல்போன் சார்ஜர்.

டிரைவருக்கு நம்பிக்கையே வரவில்லை. "அண்ணே, இத்திரிப்போல கரண்டுதானே, அதாக்கும் பேட்டரியைத் தின்னுது?" என்று கேட்டார்.

ஆமாம், அதுதான். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக மாட்டினால்தான் 24. ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் கரண்ட் இரண்டின் வழியாகவும் ஒரே அளவில்தான் போகும். ஒன்றுக்குக் கூட, ஒன்றுக்குக் குறைய என்று பிரித்துக் கொடுக்க அதற்குத் தெரியாது. பாட்டுப்பெட்டி 2 ஆம்பியர் வீதம் 5 மணி நேரம் பாடினால் கீழ் பேட்டரியிலிருந்து மட்டும் 10 ஆம்பியர்-மணி போய்விடுகிறது. ஓடும்போது மேல் பேட்டரி சீக்கிரம் நிறைந்து 15 வோல்ட்டுக்கு ஏறிவிடும். மொத்தம் 28 வந்துவிட்டதே என்று, வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கரண்டைக் குறைத்துவிடும். கீழ் பேட்டரி அரை வயிற்றோடு நிற்கும். நாளுக்கு நாள் இதே கதை. மேலே உள்ளது கொதித்து வறண்டு சாகும், கீழே உள்ளது பட்டினி கிடந்து சல்பேட் படிந்து சாகும். பார்க்கிறவருக்கு "ஒண்ணு நல்லாருக்கு, ஒண்ணு கெட்டுப்போச்சு" என்றுதான் தோன்றும்.

எனவே உங்கள் வண்டியிலும் லிங்க் கேபிளின் இரு முனையிலும் வேறு ஒயர் எதுவும் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ராணுவ வண்டியில் இல்லாத பாட்டுப்பெட்டி, ஃபேன், எல்.இ.டி. மாலை எல்லாம் வெளியே வந்த பிறகு ஏறியவைதான். அநேகமாக 12 வோல்ட் சாமான்களாகத்தான் இருக்கும். பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேச்சிப்பாறை ரோட்டில் தடி ஏற்றிக்கொண்டு பாட்டில்லாமல் யார் இறங்குவது? 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று, 10 ஆம்பியர் கொடுப்பதாக வாங்கி, மொத்த 24-லிருந்து எடுங்கள். பேட்டரி ஓரத்திலேயே ஒரு ஃபியூஸ் வையுங்கள். கன்வெர்ட்டர் சாவியோடு அணையும்படி மாட்டுங்கள். இல்லாவிட்டால் அது தனியாக ஒரு திருடன்.

இந்த ஒயர் உங்கள் வண்டியில் இல்லை என்றால் சந்தேகம் அடுத்தவன் மேல் போகிறது. அவன் ஷெட்டில் நிற்கும்போது திருடுகிறவன். சாவியை எடுத்துவிட்டு, எர்த் கேபிளைக் கழற்றி, அந்த இடைவெளியில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். உங்கள் காலத்து வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டி எதுவும் கிடையாது. நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே ஓடக்கூடாது. 0.05-க்கு மேல் காட்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த லைனில் ஆள் இருக்கிறான். 0.3 ஆம்பியர்தானே என்று விட்டுவிடக்கூடாது. ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி, 20 நாளைக்கு 144. உங்கள் 120 பேட்டரி அதற்குள் கட்டையாகிவிடும். கடைக்காரர் சொன்ன 200 போட்டாலும் அதைவிடப் பதினோரு நாள் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். ஓட்டை வாளிக்குப் பதில் பெரிய ஓட்டை வாளி.

ராணுவத்திலிருந்து வந்த வண்டிகளில் இந்தத் திருட்டு எங்கே ஒளிந்திருக்கும் என்றால், வெட்டி விட்ட ஒயர்களில். கான்வாயில் போக வைத்த மறைப்பு விளக்கு, ஒயர்லெஸ் செட்டுக்குப் போன லைன், வேறு வண்டியிலிருந்து கரண்ட் வாங்கி ஸ்டார்ட் செய்ய வைத்த சாக்கெட் என்று சில வண்டிகளில் சாதாரண லாரியில் இல்லாத சமாச்சாரங்கள் இருக்கும். ஏலத்தில் எடுத்து விற்கிறவர்கள் கிடைத்ததைக் கழற்றிக்கொண்டு ஒயர் முனையை அப்படியே தொங்கவிட்டு விடுவார்கள். மழை ஈரம் பட்டதும் அந்த முனை சேசிஸோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய ஆரம்பிக்கும். தென்மேற்கும் பெய்து வடகிழக்கும் பெய்யும் நம்ம மாவட்டத்தில் அந்த முனை காய்வதற்கே நேரம் இல்லை.

இன்னொன்று, மாஸ்டர் சுவிட்ச். மொத்த பேட்டரியையும் ஒரே திருப்பில் துண்டிக்கிற சாதனம். உங்கள் வண்டியில் இருந்து, யாராவது அதை நேராக இணைத்துவிட்டிருந்தால் திரும்ப உயிர் கொடுங்கள். இல்லையென்றால் புதிதாக ஒன்று வையுங்கள். வாரக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு இதைவிட நல்ல முதலீடு கிடையாது. ஒரே எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது அதைத் திருப்பக் கூடாது. சுமை திடீரென அறுந்து வோல்ட்டேஜ் எகிறினால் ஆல்டர்னேட்டர் டயோடு அடிபடும்.

சரி, இனி அளவுக்கு வருவோம். ராணுவம் ஒரு வண்டிக்கு பேட்டரி தேர்ந்தெடுக்கும்போது ராஜஸ்தானையும் நினைக்கும், லடாக்கையும் நினைக்கும். உறைகிற குளிரில் பேட்டரியின் பலம் பாதிக்கும் கீழே போகும், ஆயில் கெட்டியாகி எஞ்சின் இரண்டு மடங்கு பலம் கேட்கும். எஞ்சினை அணைத்துவிட்டு ஒயர்லெஸ் ஓட வேண்டிய நேரமும் உண்டு. நீங்கள் ஓட்டுவது குலசேகரத்தில். பேட்டரி மேல் சி.சி.ஏ. என்று ஒரு எண் அச்சடித்திருப்பார்கள். அது மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி எவ்வளவு கரண்ட் தரும் என்பதன் கணக்கு. பாலமோர் எஸ்டேட்டில் மார்கழி விடியலில் நின்றாலும் அந்தக் குளிர் கனவில்கூட வராது. அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

நமக்கு எதிரி வெயில். பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், சும்மா வைத்திருக்கும்போது தானாக இறங்குகிற வேகம் இரட்டிக்கும். பெட்டி சைலன்சர் பக்கத்தில் இருந்தால் நடுவே ஒரு தகடு வைத்து மறையுங்கள்.

ஸ்டார்ட் செய்ய எவ்வளவு செலவாகிறது என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் 400 ஆம்பியர் இழுத்து 5 விநாடி சுற்றினால் 0.56 ஆம்பியர்-மணி. ஒரு நாளில் பத்துத் தடவை அடித்தாலும் ஆறு தாண்டாது. நடுவே அரை மணி நேரம் ஓடினாலே திரும்பி வந்துவிடும். 120 எதற்கும் ஏராளம். ராத்திரி எஞ்சினை அணைத்துவிட்டு லைட் போட்டு லோடு ஏற்றுகிற வழக்கம் உண்டென்றால் மட்டும் 150 யோசிக்கலாம். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 6 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். மூன்று மணி நேரம் எரிந்தால் 18.

200 ஏன் வேண்டாம் என்பதற்கு உங்கள் பெட்டியே பதில் சொல்கிறது. என்200 ஒன்றின் அகலம் ஏறக்குறைய 27.8 சென்டிமீட்டர். இரண்டு சேர்ந்தால் 55.6. உங்கள் பெட்டி 48. கடைக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. என்150 ஒன்று 22.2 அகலம், இரண்டு 44.4, அது உட்காரும். என்120 ஒன்று 18.2 அகலம், 50.5 நீளம், இரண்டு 36.4. மீதி 11 சென்டிமீட்டர் சும்மா விடக்கூடாது. எஸ்டேட் ரோட்டுக் குலுக்கலில் பேட்டரி உள்ளே நடனமாடினால் பிளேட்டிலிருந்து பேஸ்ட் உதிர்ந்து அடியில் தேங்கி செல் ஷார்ட் ஆகும். அயினிப் பலகை இரண்டு வெட்டி இறுக்கமாக அடைத்துவிடுங்கள். மேலே இரும்புப் பட்டையால் கட்டும்போது பட்டைக்கு அடியில் பழைய டியூப்பை வெட்டி வையுங்கள். பெட்டி மூடியின் உள்பக்கமும் ஒரு ரப்பர் விரிப்பு ஒட்டுங்கள். மூடி அமுங்கி டெர்மினலில் பட்டால் வெல்டிங் அடித்த மாதிரிதான். ரப்பர் ஊரில் இருந்துகொண்டு ரப்பருக்குப் பஞ்சம் சொல்லக் கூடாது.

லேபிளில் 115எஃப்51 மாதிரி எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். அது ஜப்பான் முறை. முதல் எண் பலத்தின் தரம், நடுவில் உள்ள எழுத்து அகல உயர வகை, கடைசி இரண்டு இலக்கம் நீளம் சென்டிமீட்டரில். கடைசியில் ஆர் அல்லது எல் இருந்தால் பிளஸ் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே எழுத்தில் வாங்கி, ஒன்றின் பிளஸும் மற்றதன் மைனஸும் பக்கத்தில் வரும்படி வைத்தால் லிங்க் கேபிள் குட்டையாகப் போதும். இணையத்தில் அமெரிக்க ராணுவ லாரிக்காரர்கள் 6டி பேட்டரி பற்றி நிறைய எழுதுவார்கள். அது கிட்டத்தட்டச் சதுரமான வேறு உருவம், அவர்கள் பெட்டிக்கு அமைந்தது. நமக்கு அந்தப் பஞ்சாயத்து வேண்டாம்.

மச்சானின் இன்வெர்ட்டர் பேட்டரி நல்ல மனசோடு தருகிறார், ஆனால் அதன் வேலையே வேறு. குழாய் வடிவத் தடித்த பிளேட். கொஞ்சம் கொஞ்சமாகப் பல மணி நேரம் தருவதற்குச் செய்தது. செல்ஃப் ஒரே நொடியில் நானூறு கேட்டால் அதற்கு மூச்சு முட்டும். உயரமும் அதிகம், உங்கள் 30 சென்டிமீட்டரில் மூடி மூடாது. அவர் வீட்டு ஃபேனே சுற்றட்டும்.

டிரைவர் சொன்ன மாதிரி ஒன்றை மட்டும் மாற்றுவது ஒரே நுகத்தில் இளங்காளையையும் கிழட்டு மாட்டையும் பூட்டுகிற வேலை. பழையது சீக்கிரம் இறங்கும், சீக்கிரம் நிறைந்த மாதிரி நடிக்கும். அதன் கணக்கில் புதியதும் பட்டினி கிடக்கும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இப்போது இருப்பதில் ஒன்று உண்மையிலேயே நல்லது என்று லோடு டெஸ்டர் சொன்னால், அதை வீட்டில் தனியாக டிராக்டருக்கோ ஜெனரேட்டருக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

மூடி உள்ளதா, சீல் வைத்ததா என்பதில் எனக்கு உறுதியான கட்சி உண்டு. பழைய ஆல்டர்னேட்டரும் வயதான ரெகுலேட்டரும் உள்ள வண்டிக்கு மூடி உள்ளதுதான். கொதிக்கிறதா, வறள்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம், ஒரு செல் மட்டும் பின்தங்குகிறதா என்று ஹைட்ரோமீட்டரால் பிடிக்கலாம். சீல் வைத்தது சாகும்போது சொல்லாமல் சாகும். மாதம் ஒரு தடவை மூடி திறந்து பார்க்க வீட்டில் யாருமே இல்லை என்றால் மட்டும் சீல் வைத்ததை எடுங்கள். ஆசிடைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்துச் சீல் வைத்த ஏ.ஜி.எம். வகை கூடுதல் வோல்ட்டேஜையும் வெயிலையும் பொறுக்காது. லித்தியம் இந்த வண்டிக்கு ஆடம்பரம்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்? இரண்டிலும் தயாரிப்பு மாதம் ஒன்றாக இருக்க வேண்டும். மூடியிலோ ஓரத்திலோ பொறித்திருக்கும் குறியீட்டைக் கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் சார்ஜ் இல்லாமல் தூங்கியதை எடுக்காதீர்கள். "பிளேட் எத்தனை" என்று கேட்கிற பழக்கம் நம்மூரில் உண்டு, ஆனால் பிளேட் எண்ணிக்கை மட்டும் வைத்து இரண்டு கம்பெனியை ஒப்பிட முடியாது. ஒருத்தர் பிளேட் தடிமனாக இருக்கும், இன்னொருத்தர் பிளேட் மெல்லியதாக இருக்கும். ஆம்பியர்-மணியையும் எடையையும் பாருங்கள். வாரண்டி கார்டில் வண்டி நம்பர், விற்ற தேதி, இரண்டு பேட்டரியின் சீரியல் நம்பர், கடை முத்திரை எல்லாம் அங்கேயே எழுதி வாங்குங்கள். 24+24 என்று எழுதியிருந்தால் முதல் 24 மாதம்தான் இலவசமாக மாற்றித் தருவது. பின் 24-ல் புதிதின் விலையில் ஒரு கழிவு மட்டுமே. நான்கு வருடம் இலவசம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய.

ஹைட்ரோமீட்டர் பற்றி ஒன்று. வெளிநாட்டு வீடியோவில் முழு சார்ஜ் என்றால் 1.265, 1.280 என்பார்கள். நம்ம நாட்டு வெப்பத்துக்காக இங்கே பல பேட்டரிகளில் ஆசிடைக் கொஞ்சம் இளசாக வைப்பார்கள். 27 டிகிரியில் 1.240 என்றாலே நிறைவு. வோல்ட் கணக்கிலும் 12.7-க்குப் பதில் 12.5 பக்கத்தில்தான் நிற்கும். இது தெரியாமல், புது பேட்டரி நிறையவில்லை என்று ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுக் கொதிக்க வைத்தவரை நான் பார்த்திருக்கிறேன். ஆசிட் ஊற்றி எண்ணை ஏற்றியவரையும் பார்த்திருக்கிறேன். ஆசிட் வேண்டவே வேண்டாம். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கிணற்று வெள்ளமும் ஆர்.ஓ. தண்ணீரும் குடிக்கத்தான்.

வாங்கியதும் நேராகப் பெட்டியில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக 12 ஆம்பியருக்கு மேல் போகாமல் பெஞ்ச் சார்ஜ் போட்டு, இரண்டும் ஒரே நிலைக்கு வந்த பிறகு தொடராக மாட்டுங்கள். ஜோடி ஒன்றாகத் தொடங்கினால்தான் ஒன்றாகப் போகும்.

மாட்டும்போது முறை முக்கியம். கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவசரத்தில் பிளஸ் போல்ட்டில் முதலில் ஸ்பேனரை வைத்தேன். ஸ்பேனரின் மறுமுனை சேசிஸில் தட்டியது. ஒரு நீல வெளிச்சம், காதை அடைக்கிற சத்தம். கையை எடுத்த பிறகும் ஸ்பேனர் அங்கேயே ஒட்டி நின்றது, நுனி செங்கல் நிறத்தில். சார்ஜ் ஆகிக்கொண்டிருந்த பேட்டரியாக இருந்து மேலே ஹைட்ரஜன் தேங்கியிருந்தால் முகத்தில் ஆசிட் மழைதான். மோதிரம், வாட்ச் செயின், கழுத்தில் தொங்குகிற சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பெட்டிக்குள் கை விட வேண்டும்.

பேட்டரியைக் குறை சொல்லுமுன் கேபிளையும் சோதியுங்கள். எஞ்சின் பிடிக்காதபடி ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். மீட்டரின் ஒரு முனையை மேல் பேட்டரியின் பிளஸ் ஈயக் கொம்பின் நடுவிலேயே குத்துங்கள், கிளாம்பில் அல்ல. மறுமுனை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளிலோ அதன் முனையிலோ கோளாறு. எர்த் பக்கமும் இதே சோதனை, கீழ் பேட்டரியின் மைனஸ் கொம்பிலிருந்து எஞ்சின் பிளாக் வரை. இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து வைத்த மீட்டர் செல்ஃப் அடிக்கும்போது 19-க்குக் கீழே போனால்தான் பேட்டரி மேல் சந்தேகம். போகாமல் செல்ஃப் மட்டும் சோம்பலாகச் சுற்றினால் கேபிள், எர்த் பட்டை, செல்ஃபின் கார்பன். பழைய கேபிள் வெளியே பளபளப்பாக இருக்கும். கேபிள் முனையில் உள்ள லக்குக்குப் பின்னால் ஒரு சாண் உறையைச் சீவிப் பார்த்தால் செம்பு பச்சையாகப் பொடிந்திருக்கும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் வரை லோடு இறக்கப் போகிற வண்டி என்றால் உப்புக்காற்று அதை இரட்டை வேகத்தில் தின்னும். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பூவை ஆப்பச் சோடா கரைத்த வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள், மூடித் துளைக்குள் ஒரு சொட்டும் போகாமல். காய்ந்து இறுக்கிய பிறகு மேலே வாசலின். கிரீஸை அடியில் தடவிவிட்டு கிளாம்பை மாட்டுகிற பழக்கம் வேண்டாம்.

சார்ஜிங்கைக் கடைசியாகப் பாருங்கள். பேட்டரி நிறைந்த நிலையில், எஞ்சின் 1500 சுற்றில், ஹெட்லைட் எரியும்போது 27.6 முதல் 28.4 வரை நம்ம ஊருக்குச் சரி. 27-க்குக் கீழே என்றால் பெல்ட் தளர்ச்சியிலிருந்து தொடங்குங்கள். 28.8-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரை மாற்றாமல் புது ஜோடியை மாட்டவே கூடாது. மாதம் ஒரு தடவை எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால், யாரோ மறுபடி நடுவிலிருந்து ஒயர் எடுத்திருக்கிறார், அல்லது ஒரு செல் தளர்கிறது.

மழையில் வண்டி நிற்கும் வாரங்களில் ஷெட்டுக்குள் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுகிற வழக்கம் நிறைய பேருக்கு உண்டு. ஸ்டார்ட் செய்ய எடுத்ததைத்தான் அது திருப்பித் தரும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் ஏறாது. மாஸ்டர் சுவிட்சை அணைத்து வையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சின்ன சார்ஜர் ஒன்றால் ராத்திரி முழுக்கக் கொடுங்கள்.

பழைய ஜோடியைத் தெருவில் வருகிற இரும்புக்காரருக்குப் போட வேண்டாம். அவர் ஆசிடை ஓடையில் கவிழ்த்துவிட்டுத்தான் எடை போடுவார். புதிது வாங்குகிற கடையிலேயே கொடுங்கள். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கடைக்காரர் ஈயத்தின் விலையைக் கழித்துத்தான் பில் போடுவார். கழிக்காமல் போட்டால் கேட்டு வாங்குங்கள்.

லிங்க் போல்ட்டில் ஒயர் இருந்ததா, நிற்கும்போது எத்தனை ஆம்பியர், ஓடும்போது இரண்டிலும் தனித்தனியாக எத்தனை வோல்ட் என்று அளந்து எழுதுங்கள், தம்பி. அந்த எண்களைப் பார்த்துவிட்டு 120-ஆ 150-ஆ என்று முடிவாகச் சொல்லுகிறேன். அதுவரை கடைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.